நாற்பத்தொன்றாம் அட்டையில் நிலவைக் காணோம்

அத்தியாயம் 6

வேலை போவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. டம்ளர் கறை ஒன்று காணாமல் போனதற்காக வேலை போகப்போகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

காலை பதினொன்றரை மணி. ஏல நிறுவனத்தின் மாடியறையில் அவர் எங்கள் எதிரே உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். அந்த நிறுவனத்தின் வர்ணனைக்காரர் அவர். ஒரு காலத்தில் மிட்டாய் பாக்கெட்டுக்குள் இலவசமாக வந்த, விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகளைத்தான் அங்கே ஏலம் விடுகிறார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் பட்டியலில் நாலு வரி எழுதுவதும், ஏலத்தன்று மேடை ஓரமாக நின்று அதை மைக்கில் வாசிப்பதும் இவர் வேலை. சுத்தியலைத் தட்டுவது முதலாளி. இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

முதலாளி உட்காரவில்லை. சுத்தியல் இல்லாத நேரத்திலும் அவர் கை எதையாவது தட்டிக்கொண்டே இருந்தது.

"மூணு மணிக்கு ஏலம். அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். ஒண்ணு, அட்டை திருட்டுப் போயிருக்கு. இல்லைன்னா இவர் பொய் எழுதியிருக்கார். இந்த நிறுவனத்துல எவ்வளவு வேணா ஏத்திச் சொல்லலாம். பொய் மட்டும் கூடாது. பொய்ன்னா இவர் இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"ஏத்திச் சொல்லுவேன் மேடம். பொய் சொன்னதில்ல," என்றார் வர்ணனைக்காரர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது. ஒரு கடிதம் எழுதினாக்கூட நாலு பேர் கை தட்டற மாதிரிதான் வருது."

அவர் மேடம் என்றது என் அண்ணியை. துப்பறியும் நிறுவனம் அண்ணியுடையது. நான் அண்ணியின் கொழுந்தன், உதவியாளர். ஆட்டோ பிடிப்பது, டீ வாங்குவது, யார் குற்றவாளி என்று தவறாகச் சொல்வது ஆகிய மூன்றும் என் பொறுப்பு. அண்ணி இதற்கு முன்னால் பதினான்கு வருடம் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தவர். விண்ணப்பங்களில் "விபத்து எப்படி நடந்தது" என்ற கட்டத்தை மட்டும் படிப்பது அங்கே அவர் வேலை. சைக்கிளில் போய்ச் சுவரில் இடித்தவனெல்லாம் சுவர் தன்மேல் பாய்ந்ததாக எழுதுவானாம். படித்துப் படித்து அண்ணிக்கு எந்த வாக்கியத்தையும் உரித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அண்ணி பட்டியலைத் திறந்து நாற்பத்தொன்றாம் எண்ணைச் சத்தமாக வாசித்தார்.

"'சுவர்' எனத் தன் அணியினர் போற்றிய கோல்கீப்பர். தன் ஆட்ட வாழ்வு முழுவதிலும் ஒரே ஒரு பந்தைக்கூடத் தன்னைக் கடந்து வலை தொட விடாத மாவீரர். அவர் திருநெற்றியில் முழுநிலவென ஒளிரும் ஒரு வட்டம், ஓர் இளம் ரசிகனின் இல்லத்து அமுதம் பதித்த அழியா முத்திரை. வலது மேல் மூலையில் காலத்தின் மெல்லிய முத்தம். பின்புறத்திலோ வரலாறு தன் இரகசியத்தை எவருக்கும் உரைக்காமல் காத்து நிற்கிறது. இதுபோல் உலகில் இன்னொன்று இல்லை."

"அண்ணி, எனக்கே வாங்கணும் போல இருக்கு," என்றேன்.

"பொறு தம்பி. காலத்தின் முத்தம்னா என்ன சார்?"

"மூலை மடங்கியிருக்கு," என்றார் வர்ணனைக்காரர், தலையைக் குனிந்தபடி.

"முழுநிலவு?"

"பால் டம்ளர் வெச்ச கறை."

"வரலாறு இரகசியத்தைக் காத்து நிக்குது?"

"ஆல்பத்துல பசை போட்டு ஒட்டிப் பிச்சிருக்காங்க. பின்பக்கம் தோல் உரிஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியல."

"இதுபோல் உலகில் இன்னொன்று இல்லை. அது எப்படி?"

"அதே இடத்துல அதே டம்ளர வேற யாரும் வெச்சிருக்க மாட்டாங்களே மேடம்."

நான் அந்த மனிதரை அன்றிலிருந்து மதிக்கிறேன். பட்டியலைப் புரட்டினேன். "வெயில் தன் பொன்னால் தீட்டிய முகம்" என்றால் ஜன்னலோரம் கிடந்து வெளுத்த அட்டை. "கலைஞன் ஒருவனின் கரம் கண்ட மீசை" என்றால் எவனோ பேனாவால் வரைந்தது. "கொடியிடை கொண்டது" என்றால் ரப்பர் பேண்டு போட்டு நசுங்கியது. ஒரு வார்த்தை பொய் கிடையாது. இந்த ஆள் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தால் இந்நேரம் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

"இப்ப அட்டையக் காட்டுங்க," என்றார் அண்ணி.

முதலாளி மேஜையில் வைத்தார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அட்டை. அடர்ந்த சுருட்டை முடியும் தடித்த மீசையுமாக ஓர் இளைஞன் கையுறை மாட்டிக்கொண்டு நின்றான். நெற்றி துல்லியமாக இருந்தது. நிலவைக் காணோம். வலது மேல் மூலை கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது. முத்தத்தையும் காணோம்.

"காலையில ஒன்பதரை மணியிலேர்ந்து எல்லா அட்டையும் பார்வைக்கு வெச்சோம்," என்றார் முதலாளி. "பத்தரை மணிக்கு இதோட சொந்தக்காரர் வந்தார். பல் டாக்டர். இது என் அட்டையே இல்லைன்னு கத்திட்டுப் போனார். பட்டியல் அச்சாகி ஊர் முழுக்கப் போயாச்சு. போலீஸ்ல சொன்னா, திருடின அட்டைய விட வெச்சுட்டுப் போன அட்டை நல்லாருக்கேன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க."

அண்ணி உறையைத் திருப்பினார். பின்பக்கமும் சுத்தமாக இருந்தது. கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். அணியில் இருந்த ஆண்டுகள்: 6. ஆடிய ஆட்டங்கள்: 0. விட்ட கோல்கள்: 0.

வர்ணனைக்காரர் எட்டிப் பார்த்தார். 

"ஆடவே இல்லையா?"

"ஒரு கோலும் விடலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் அண்ணி.

"அந்த அணியோட சங்கத்துக்குப் போன் பண்ணி, சட்டையில இருபத்திரண்டாம் நம்பர் போட்டவர் எத்தனை கோல் விட்டார்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னாங்க."

"எத்தனை ஆட்டம் ஆடினார்னு கேட்கலையா?"

"அந்தக் கேள்விய எங்க தொழில்ல கேட்கறதில்ல மேடம். பதில் சின்னதா வந்துட்டா வாக்கியம் நிக்காது."

அண்ணி உறையின் முன்பக்கத்தை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிசுபிசுவென்று பசை ஒட்டியது.

"ஏல எண் போட்ட லேபிள் முன்னாடி ஒட்டியிருந்ததா?"

"ஆமா, மூஞ்சி மேலேயே. டாக்டர்தான் பிச்சுப் போட்டுப் பார்த்தார். மத்த எல்லாத்துக்கும் பின்னாடிதான். பின்பக்கம் பசையும் கிழிசலுமா அசிங்கமா இருக்கும்ல, லேபிள் போட்டா மறைஞ்சுடும்." முதலாளி கதவுப் பக்கம் திரும்பினார். "டேப்பு, அந்த லேபிள ஏன்யா அங்க ஒட்டினே?"

கதவோரம் ஒருவர் அட்டைப் பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றார். பேக்கிங் செய்கிறவர். முழு வழுக்கை. பிசின் டேப் வளையங்களை எப்போதும் மணிக்கட்டில் வளையல் மாதிரி போட்டிருப்பதால் டேப்பு என்று பெயராம்.

"கை தவறிடுச்சு சார்," என்றார்.

"கண்ணும் போச்சு, கையும் போச்சு. கீழே போய் அடுத்த பெட்டியப் பாருய்யா."

அவர் போனார். அண்ணி எழுந்தார். "டாக்டரப் பார்த்துட்டு வரோம்."

படியிறங்கும்போதே என் முடிவைச் சொல்லிவிட்டேன். "டாக்டர்தான் அண்ணி. கறை பிடிச்சதை விக்கக் கொடுத்துட்டு, நல்லதை மாத்தி வெச்சு, திருட்டுன்னு கத்தி நஷ்ட ஈடு கேட்கறார்."

"நல்லதா ஒண்ணு கையில இருந்தா அதையே விக்கக் கொடுத்திருப்பாரே தம்பி."

ஆட்டோ பிடிக்கப் போனேன்.

பல் மருத்துவமனையில் மூன்று பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் எங்களை உள்ளே அழைத்து, நான் தடுப்பதற்குள் என்னை அந்தச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைப் போட்டார். பழக்கதோஷம் என்று நினைக்கிறேன்.

"என் அட்டை எனக்கு வேணும்," என்றார்.

"அதைவிட நல்ல அட்டை கிடைச்சிருக்கே டாக்டர்," என்றார் அண்ணி.

"அது என்னது இல்லம்மா. என்னது மோசமா இருக்கும். எங்க அக்கா சண்டை போட்டுட்டு வேணும்னே அந்த ஆள் நெத்தியில பால் டம்ளர வெச்சா. அந்தக் கறைய நான் எந்தக் கூட்டத்துலயும் கண்டுபிடிச்சுடுவேன். விக்கறதுன்னா என்னோடதை விக்கறேன். அடுத்தவனோடதை நான் எப்படி விக்க முடியும்?" பிறகு என்னைப் பார்த்து, "இடது பக்கம் கீழே ஒண்ணு ஆடுது," என்றார்.

அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் நீள்சதுரமாக ஒரு தழும்பு. அட்டையின் பின்தோல் முழுவதும் பசையோடு அங்கேயே தங்கிவிட்டிருந்தது. அப்படியென்றால் டாக்டரின் அட்டையில் பின்பக்கம் படிக்க எதுவுமே கிடையாது. கட்டம் போட்டு, சுத்தமாக, பூஜ்யம் பூஜ்யமாக இருக்கும் இந்த அட்டை வேறொருவருடையது. வர்ணனைக்காரர் பொய் எழுதவில்லை. அந்த மட்டில் அவர் வேலை பிழைத்தது, ஆனால் டம்ளர் கறை கைக்கு வந்தால்தான் முதலாளி நம்புவார்.

"இந்த வீரர் யார்னு தெரியுமா டாக்டர்?"

"யாருக்குமே தெரியாது. அந்த வரிசையில எல்லாருக்கும் செல்லப் பேர் மட்டும்தான் போட்டான். புலி, மின்னல், சுவர். எந்த மிட்டாய் வாங்கினாலும் சுவர்தான் வருவார். எனக்குப் பதினேழு தடவை வந்தார். புலி ஒரு தடவைகூட வரல."

"பதினேழையும் என்ன பண்ணினீங்க?"

"ஆடற மேஜைக் காலுக்கு அடியில நாலு மடிச்சு வெச்சோம். மீதிய சைக்கிள் சக்கரத்துல சத்தம் வர்றதுக்காகச் சொருகினேன். எல்லாப் பசங்களும் அதான் பண்ணினாங்க."

வெளியே வந்ததும் தெருவோர வேப்பமர நிழலில் அண்ணி நின்றுவிட்டார். நிற்கிறார் என்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம். நான் நாக்கால் இடது பக்கப் பல்லை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

"ஊர்ல அத்தனை பசங்களும் கசக்கிப் போட்ட அட்டை. அதை ஒரு மூலைகூட மடங்காம முப்பது வருஷத்துக்கு மேல யார் வெச்சிருப்பாங்க தம்பி?"

"ஒரு கோலும் விடாத மாவீரனோட ரசிகர்."

"ஒரு ஆட்டமும் ஆடாதவனுக்கு ஏது ரசிகர்?"

யோசித்தேன். "அப்ப அவங்க அம்மா."

"நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா அம்மாவா இருந்தா என்ன பண்ணுவாங்க? கண்ணாடிச் சட்டம் போட்டு, வர்றவங்க போறவங்க பார்க்கற மாதிரி கூடத்துல மாட்டுவாங்க. முப்பது வருஷம் வெளிச்சம் பட்டா சாயம் போயிருக்கும். இந்த அட்டையில கையுறையோட சிவப்புகூட அப்படியே இருக்கு. இருட்டுல, பெட்டிக்கடியில இருந்த அட்டை இது. பத்திரமாவும் வெச்சிருக்கணும், யார் கண்ணுலயும் படாமலும் வெச்சிருக்கணும். அப்படி வெச்சிக்கறவன் ஒருத்தன்தான்."

எனக்கு மெதுவாக உறைத்தது. "அவரேவா?"

"அவரேதான். ஆட்டோ கூப்பிடு."

"எங்க போய்த் தேடறது அண்ணி? பேர்கூடக் கிடையாது."

"வந்த இடத்துக்கே. மூஞ்சிய லேபிளால மூடி, பின்பக்கத்தைத் திறந்து வெச்சவர் அங்கதான இருக்கார்."

பேக்கிங் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. காற்றுக்குமிழி பிளாஸ்டிக் சுருள்கள், காகிதத் துணுக்குகள், பெட்டிகள். டேப்பு மேஜையில் குனிந்து ஒரு பெட்டியின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. கோல்கீப்பர் என்றால் உடம்பில் ஊறியிருக்கும் அல்லவா? வாசலில் நின்றபடியே ஒரு டேப் சுருளை எடுத்து, "டேப்பு சார், பிடிங்க," என்று வீசினேன்.

அவர் நிமிர்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார். சுருள் கைகளுக்கு நடுவே புகுந்து நேராக அவர் நெஞ்சில் மோதி, கீழே விழுந்து, மேஜைக்கடியில் உருண்டு போனது.

"பார்த்தீங்களா அண்ணி, இவர் இல்ல," என்றேன்.

டேப்பு நெஞ்சைத் தடவிக்கொண்டார். என்னையும் பார்த்தார், அண்ணியையும் பார்த்தார். இதற்காகக் காலையிலிருந்தே காத்திருந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"இதுக்காகத்தான் தம்பி என்னை ஆறு வருஷம் பெஞ்சுலயே உக்கார வெச்சாங்க," என்றார்.

மேஜை இழுப்பறையைத் திறந்து டாக்டரின் அட்டையை எடுத்து வைத்தார். நெற்றியில் டம்ளர் வட்டம், மூலையில் மடிப்பு. பட்டியலில் எழுதியது அத்தனையும் இருந்தது.

"திருடணும்னு எடுக்கலைம்மா. முடிஞ்சதும் திருப்பி வெச்சுடலாம்னுதான் இருந்தேன். என் பொண்ணுக்காகப் பண்ணினேன்."

விஷயம் இதுதான். மிஞ்சிப்போகும் பட்டியல்களை அலமாரியில் விரிக்க அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். போன வாரம் கல்யாணமான மகள் வந்திருந்தபோது இந்தப் பட்டியல் அவள் கையில் சிக்கிவிட்டது. பட்டியலில் இருந்தது கறைகூடத் தெரியாத தபால்தலை அளவு மங்கல் படம்தான், ஆனாலும் பெற்றோரின் கல்யாணப் போட்டோவில் இருக்கிற அதே சுருட்டை முடி, அதே மீசை. கண்டுபிடித்துவிட்டாள். அப்பா ஒரு கோல்கூட விடாத மாவீரர் என்று புருஷன் வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அப்பாவை ஒரு சாதாரண பேக்கிங் ஆள் என்று இளக்காரமாகப் பேசிய மாமியார்கூட அன்றைக்கு வாயடைத்துப் போனாராம். இன்றைக்கு அந்த அட்டையை ஏலத்தில் எடுத்து மாமியார் வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறாள்.

"நான் ஆடினேன்னு என்னைக்குமே அவகிட்ட சொன்னதில்லம்மா. ஆனா ஆடலைன்னும் சொல்ல வரல. அவ முகத்தைப் பார்த்தா வாய் ஒட்டிக்குது. டாக்டர் அட்டையில பின்பக்கம் எழுத்தே இல்ல, அதான் என்னோடத வெச்சேன். திருப்பினா அவளே படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு. என் மூஞ்சிய மறைக்கணும்னும் தோணிச்சு." தலையைத் தடவிக்கொண்டார். "பொய்ய வாங்கி மாட்டப்போறா. நாளைக்கு எவனாவது சொல்லிட்டா அங்க அவ தலை குனிஞ்சு நிக்கணும்."

எனக்கு வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. மேஜைக்கடியில் குனிந்து டேப் சுருளைத் தேடி எடுத்து வைத்தேன்.

"டாக்டரோட அட்டை மேல போயாகணும். மேல இருக்கறவர் வேலை அதுலதான் இருக்கு," என்றார் அண்ணி.

"எடுத்துட்டுப் போங்கம்மா. அவருக்கு இப்படி ஆகும்னு நான் நெனக்கல. ஆனா பொண்ணு?"

"உங்க வாயால சொல்ல வராதுன்னா விடுங்க. வாயாலயே பொழைக்கறவர் ஒருத்தர் மேல இருக்கார். ஆனா அவர் மைக்ல சொன்னா கூட்டம் சிரிக்கும். பரவாயில்லையா?"

அவர் மணிக்கட்டு டேப் வளையங்களைச் சுழற்றினார். பிறகு, "சிரிக்கட்டும்மா. அவ வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா போதும்," என்று, மாடியில் இருந்த தன் அட்டையை அண்ணியே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மாடியில் முதலாளி டம்ளர் கறையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அசந்துபோனார். பேக்கிங் அறையில் அட்டை இடம் மாறிப்போனதாக அண்ணி சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டாக்டருக்குத் தகவல் போனது. வர்ணனைக்காரர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி என்பதை ஏழெட்டு அடைமொழியோடு சொன்னார். முதலாளி கீழே போனதும் அண்ணி அவரிடம் மீதியைச் சொன்னார்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம டேப்பா? பன்னிரண்டு வருஷமா அவர் கொண்டு வர்ற உறையப் பார்த்துத்தான் எழுதறேன்."

"உங்க வரியில பொய் இல்ல சார். ஆனா அதைப் படிச்சு ஒரு பொண்ணு பொய்ய நம்பிட்டிருக்கா. இன்னும் ஒரு வரி சேர்த்து வாசிச்சா சரியாயிடும்."

"குறைய அதோட பேர் சொல்லி நான் வாசிச்சதே இல்ல மேடம். முதலாளி என்ன சொல்லுவாரோ."

"வேலை இப்பத்தான் தப்பிச்சுது. வேண்டாம்னா விட்டுடுங்க. நான் கட்டாயப்படுத்தல."

அவர் நீண்ட நேரம் டேப்புவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். பத்து நிமிடம் கழித்து நீட்டினார். "ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையோ, தொடக்கமும் முடிவும் அற்ற ஒரு பூரண வட்டமாய்த் திகழ்கிறது," என்று இருந்தது.

"பூஜ்யம்னு எழுதுங்க சார்," என்றார் அண்ணி.

அடித்தார். "வெறுமையின் பேரழகு" என்று ஆரம்பித்தார். அதையும் அடித்தார். நெற்றி வியர்த்துவிட்டது. கடைசியில் சின்னதாக ஒன்று எழுதி, எங்களிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. நாலாவது வரிசையில் ஒரு பெண் ஏல எண் போட்ட மட்டையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் டேப்புவின் மகள் யார் என்று எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அட்டையில் இருந்த அதே சுருட்டை முடி. டேப்பு பக்கத்துக் கதவின் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

நாற்பத்தொன்று வந்தது. வர்ணனைக்காரர் வழக்கமான கம்பீரத்தோடு வாசித்தார். மாவீரர் வந்தார், முழுநிலவு வந்தது, காலம் முத்தமிட்டது. முடித்ததும் முதலாளி சுத்தியலைக் கையில் எடுத்தார். வர்ணனைக்காரர் மைக்கை விடவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

"இவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை," என்று வாசித்தார்.

முன்வரிசையில் ஒருவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையில் ஒருவர், "அப்ப நானும் ஒரு கோல்கூட விட்டதில்லய்யா," என்றார். சிரிப்பு இரட்டித்தது. முதலாளி வர்ணனைக்காரரைப் பார்த்த பார்வையில் சுத்தியல் தானாகவே உருகியிருக்க வேண்டும். ஆனால் அவர் போட்ட விதி அவருக்கே குறுக்கே நின்றது. சொன்னது பொய் இல்லை. கதவின் பின்னால் டேப்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆரம்ப விலைக்கு யாராவது?" என்றார் முதலாளி, நம்பிக்கையில்லாமல்.

நாலாவது வரிசையில் மட்டை உயர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. போட்டிக்கு ஒருவரும் இல்லை. சுத்தியல் விழுந்தது.

ஏலத்தில் எடுத்தவர்கள் கீழே பேக்கிங் மேஜையில்தான் பொருளை வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் போனபோது அவள் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவர் அந்தப் பக்கம், தலை நிமிராமல், காற்றுக்குமிழி பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டியாம்மா, அவர் சொன்னதை?"

"காலையில பத்து மணிக்கே தெரியும்பா. பார்வைக்கு வெச்சிருந்தப்ப வந்தேன். மூஞ்சி மேல லேபிள் ஒட்டியிருந்தது. எங்கப்பா லேபிள அப்படி ஒட்ட மாட்டாரேன்னு திருப்பிப் பார்த்தேன்."

கத்தரி நின்றது. அவர் திட்டம் எங்களுக்குப் போன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பலித்துவிட்டிருந்தது. நாங்கள் அலைந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"தெரிஞ்சுமா கைய தூக்கினே? உங்க மாமியார் வீட்டுல என்னம்மா சொல்லுவே?"

"பின்பக்கத்துல என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லுவேன். எல்லாரும் பூஜ்யத்தைத்தான் படிக்கிறாங்க. அதுக்கு மேல ஆறு வருஷம்னு போட்டிருக்குப்பா." அவள் கைப்பையை மேஜையில் வைத்தாள். "ஒரு தடவைகூடக் கூப்பிடாத இடத்துக்கு ஆறு வருஷம் தினமும் ஷூவ மாட்டிட்டுப் போயிருக்கீங்க. இங்க பன்னிரண்டு வருஷம். ஒரு நாள் லீவு போட்டு நான் பார்த்ததில்ல. நீங்க கோல் விட்டீங்களா இல்லையான்னு எனக்கென்னப்பா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டேப் வளையங்கள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. அண்ணி கைப்பையிலிருந்து அவருடைய சொந்த அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். மூலை மடங்காதது, சாயம் போகாதது. அவர் அதை மகள் பக்கம் தள்ளினார்.

"இது உனக்குச் சும்மாவே கிடைச்சிருக்குமே. அந்தக் கறை பிடிச்சதுக்கு ஏன் காசு கொடுத்தே?"

"நீங்க சொல்லியிருந்தா கிடைச்சிருக்கும்," என்றாள் அவள்.

அவர் இரண்டு அட்டையையும் ஒரே உறைக்குள் முதுகோடு முதுகாக வைக்கப் போனார். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தன் அப்பாவின் அட்டையை மட்டும் தனி உறையில் போடச் சொன்னாள். போட்டார். பழக்கத்தில் நாற்பத்தொன்று என்று அச்சடித்த புது லேபிளை உரித்துவிட்டு, முன்னாலும் ஒட்ட முடியாமல் பின்னாலும் ஒட்ட முடியாமல் விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் அதை வாங்கித் தன் கைப்பையின் மேல் ஒட்டிக்கொண்டாள்.